வேவுக்காரன் தூங்கும் மலை

— கதவைச் சாத்திட்டு வாங்க, குளிர் உள்ள வருது.

— சாத்தியாச்சு மேடம். இரும்பு?

— வந்ததும் வராததுமா இரும்பா? மணி என்னன்னு பாருங்க.

— ஒண்ணு அம்பது.

— அதான் கேக்கறேன். கம்பெனி முழுக்க உங்களுக்கு ‘ரெண்டு மணி’ன்னு பேரு. ஒரு நிமிஷம் முன்னாடியும் வந்ததில்லை, பின்னாடியும் வந்ததில்லை. இன்னிக்கு என்ன வந்துச்சு?

— பஸ் சீக்கிரம் வந்துடுச்சு.

— நீங்க சைக்கிள்லதானே வருவீங்க?

— ...சைக்கிள் சீக்கிரம் வந்துடுச்சு. இரும்பு கிடைச்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்க.

— கிடைக்கலை.

— வடக்கே ஒரு குதிரைக்காரனை அனுப்பினோமே?

— வடக்கே பனி. கண்ணுக்கெட்டின வரைக்கும் பனி.

— பனியைப் பாக்கவா வடக்கே போகணும்? இங்கேயே எட்டு ரூம் நிறைய இருக்கு.

— அதை அவன்கிட்ட சொல்லுங்க. முதல்ல கோட்டை மாட்டிட்டு நோட்டுல கையெழுத்துப் போடுங்க. வேலை முடிஞ்சாத்தான் கம்ப்யூட்டர்ல ராஜ்யம்.

— சரி, படிங்க.

— ஒண்ணாம் ரூம், பட்டாணி, மைனஸ் பதினெட்டு. ரெண்டு, மீன், மைனஸ் இருபது. மூணாவதுதான் தொல்லை...

— கதவு ரப்பரா?

— அதேதான். காலையில இருந்து ஒன்றரை டிகிரி ஏறியிருக்கு. ஐஸ்கிரீம் எல்லாம் வேர்க்குது. கோணித்துணியை மடிச்சு இடுக்குல வச்சிருக்கேன். மெக்கானிக் நாளைக்கு வர்றாராம்.

— அவர் ஏழு மாசமா நாளைக்குத்தான் வர்றார்.

— நாலுல இருந்து எட்டு வரைக்கும் ஒழுங்கா இருக்கு. இங்க போடுங்க... இது என்ன, கையெழுத்தா, கோழி கிளறினதா?

— குளிர்ல விரல் மடங்கலை. போட்டாச்சு இல்ல? ஸ்கிரீனைத் திருப்புங்க.

— ரொம்ப அவசரம்தான்.

— அவசரமா? ஆட்டத்துல நம்ம ஜனங்க இரும்பு உருக்கற வித்தையைப் படிச்சு ரெண்டு மாசமாச்சு மேடம். ரெண்டு மாசம்! இன்னும் ஒரு கத்தி செய்யக்கூட இரும்பு கிடைக்கலை. எதிரி ராஜா அந்த மீசைக்காரன் ஆறு வாள்காரங்களைக் கூட்டிக்கிட்டு வந்து... அடக்கடவுளே, ஆத்தைத் தாண்டிட்டானா?

— நேத்து சுத்து முடிஞ்சதுமே தாண்டிட்டான், நீங்கதான் கவனிக்கலை.

— பட்டாணி வாசல்ல நிக்கறானே!

— நம்ம தலைநகரத்துக்குப் பட்டாணின்னு பேரு வைக்க வேண்டாம்னு அப்பவே சொன்னேன். ஒரு பயலுக்கும் பயம் வராது.

— வச்சதே நீங்கதான். ஒண்ணாம் ரூம் பட்டாணி, அதனால முதல் ஊர் பட்டாணி. ரெண்டாவது மீன்வாடை. மூணாவது ஐஸ்கிரீம். அந்த ஐஸ்கிரீம்லதான் குதிரை கிடைச்சுது, ஏதோ அது ஒண்ணுதான் உருப்படி.

— நாலாவது ஊரை மறந்துட்டீங்க.

— எப்படி மறப்பேன்? ஏரிக்கரையில மலைப்பக்கமா கட்டுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கடலோரத்துல கொண்டுபோய்க் கட்டினீங்க.

— அங்க முத்து இருந்துச்சு.

— முத்து! இப்ப ஆறு முத்து இருக்கு. வாசல்ல வந்து நிக்கறவன் மேல முத்தை எறிவோமா?

— அழகா இருந்துச்சு, கட்டினேன். இத்தனை நாள் அந்த முத்தைக் கொடுத்துத்தானே மீசைக்காரனைத் தட்டிக்கொடுத்து வச்சிருந்தோம்? நீங்கதான் முந்தாநாள் அவன்கிட்ட இரும்பு கேட்டு விலை பேசினீங்க. அவனுக்கு நம்ம குட்டு உடைஞ்சு போச்சு. இவங்ககிட்ட இரும்பே இல்லடான்னு தெரிஞ்சதும் கிளம்பி வந்துட்டான்.

— பேசிப் பாத்தேன், அவ்வளவுதான். பதிலுக்குப் பட்டாணியைக் கேட்டான். இல்லைன்னுட்டேன்.

— பேசறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்க அம்மா வேற வீட்ல ஒரு மாதிரி பாக்கறாங்க.

— உங்க அம்மாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— தினமும் சாப்பிடும்போது ‘மீசைக்காரன் இன்னிக்கு வந்தான், மீசைக்காரன் முறைச்சான், மீசைக்காரனுக்கு முத்து கொடுத்தேன்’னு புலம்பறேன் இல்ல? நேத்து தட்டை வச்சுக்கிட்டே கேக்கறாங்க, ‘ஏம்மா, அந்த மீசைக்காரர் எந்த டிப்பார்ட்மெண்டு? குடும்பம் எப்படி?’ன்னு.

— என்ன சொன்னீங்க?

— ஊரைக் கொளுத்தறவன்னு சொன்னேன். ‘போகட்டும், கல்யாணம் ஆனா திருந்திடுவார்’ங்கறாங்க.

— எனக்கு மீசையே கிடையாது.

— உங்களை யார் கேட்டா?

— இல்ல... சும்மா சொன்னேன்.

— மூஞ்சி ஏன் சிவக்குது?

— குளிர்.

— இந்த ரூம்ல ஹீட்டர் ஓடுது.

— ஆட்டத்துக்கு வாங்க மேடம். இன்னிக்குச் சுத்தை முடிக்கிற பட்டனை அமுக்கினோம்னா, அடுத்து அவன் அடிப்பான். தடிக்காரங்க நாலு பேர்தான் நமக்கு. பட்டாணி போச்சுன்னா எல்லாம் போச்சு. அதனால அமுக்கறதுக்கு முன்னாடி இரும்பைக் கண்டுபிடிச்சே ஆகணும்.

— இன்னிக்கே என்ன கட்டாயம்? பட்டனை அமுக்காம விட்டுட்டா நாளைக்கும் அவன் வாசல்லயே நிப்பான். நம்ம சட்டம்தானே அது? நீங்க மதியம் ஊருங்களைப் பாத்துக்கணும், நான் காலையில ஆளுங்களை நடத்தணும், ரெண்டு பேரும் இருக்கும்போதுதான் பட்டனை அமுக்கணும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சுத்து.

— எங்க அண்ணன் பொண்ணு சிரிக்கறா. இந்த ஆட்டத்தை எல்லாரும் ஒரு ஞாயித்துக்கிழமையில முடிச்சிடுவாங்களாம். ‘ஏழு மாசமா ஆரம்பத்துலயேவா இருக்கீங்க சித்தப்பா’ங்கறா. அண்ணி அதுக்கு மேல. ‘லீவு நாள்லகூட ரெண்டு மணிக்குக் கடிகாரத்தைப் பாக்கறாரே, என்னடி சங்கதி?’ன்னு அவகிட்ட கேக்கறாங்க.

— லீவு நாள்ல எதுக்குப் பாக்கறீங்க?

— பழக்கம்... சரி, நான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். கேளுங்க. இரும்பு எங்க இருக்கும்? சமவெளியில குதிரை, கடல்ல முத்து. இரும்பு பெரும்பாலும் மலையிலதான். நம்ம எல்லைக்குள்ள இருக்கிற மலை எத்தனை?

— எண்ணினதில்லை.

— நான் எண்ணினேன். ஒன்பது. எட்டு மலையை ஓரம் விடாம பாத்தாச்சு, ஒண்ணுமில்லை. பாக்காதது ஒண்ணே ஒண்ணு. ஏரிக்குப் பின்னாடி இருக்கே, அது.

— அங்க நம்ம ஆள் இருக்கான்.

— அதான். அவன் உருவம் கட்டம் முழுக்க மறைக்குது. அடியில என்ன இருக்குன்னு தெரியலை. அந்தக் கிழட்டு வேவுக்காரனை ஒரு கட்டம் தள்ளி நிக்கச் சொல்லுங்க, பாத்துடலாம்.

— அவன் தூங்கறான்.

— ரெண்டு மாசமாவா?

— வயசாச்சு இல்ல? முதல் நாள்ல இருந்து நடந்தவன். காடு, மேடு, பாலைவனம் எல்லாம் அவன்தான் சுத்தினான். குதிரையைக் கண்டுபிடிச்சவனே அவன்தான். கொஞ்சம் படுக்கட்டுமே.

— மேடம், அவன் பொம்மை.

— பொம்மைன்னா கால் வலிக்காதா?

— வலிக்காது!

— கத்தாதீங்க, மூணாம் ரூம் இன்னும் ஒரு டிகிரி ஏறிடும். அப்புறம், அந்தப் பக்கம் சிங்கம் இருக்கு. நகர்த்தினா அடிச்சுப் போட்டுடும்.

— அந்தச் சிங்கத்தை நாலு மாசத்துக்கு முன்னாடியே கொன்னாச்சு. நீங்கதான் பாவம்னு சொல்லி அன்னிக்கு டீ குடிக்கலை.

— அதோட ஜோடி இருக்கும்.

— முழிக்கிற முழியே சரியில்லையே உங்களுக்கு.

— என் முழியே அப்படித்தான். ஆனா அந்த மலையில ஏதோ நடமாட்டம் இருக்கு. போன மாசம் பல்லு பிடுங்க லீவு போட்டேன் இல்ல? மறுநாள் வந்து பாத்தா இவன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கறான். நான் விட்டப்ப ஏரியைப் பாத்துக்கிட்டிருந்தான். வந்தா கடலைப் பாக்கறான்.

— ...காத்து அடிச்சிருக்கும்.

— பொம்மைக்குக் கால் வலிக்காது, ஆனா காத்து அடிக்குமா?

— அதை விடுங்க. நகர்த்தறீங்களா, நான் நகர்த்தட்டுமா?

— மௌஸ்ல கை வைக்காதீங்க! ஆளுங்க என் பொறுப்பு. அதுதான் சட்டம்.

— சட்டமெல்லாம் இன்னியோட சரி மேடம். கம்ப்யூட்டர் நெத்தியில என்னமோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, படிச்சீங்களா?

— படிச்சேன். காலையில ஒருத்தர் வந்து ஒட்டிட்டுப் போனார். ‘கழிவு’ன்னு எழுதியிருக்கு. மனுஷன் கொஞ்சம் பக்குவமா எழுதக்கூடாதா?

— நாலு மணிக்கு வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. திங்கக்கிழமையில இருந்து மீட்டரெல்லாம் சூப்பர்வைசர் செல்போனுக்கே பேசிடும். காலையில எடுத்துவைக்க, பதிஞ்சுவைக்க ஒரு ஆள் இருந்தா போதுமாம். மதியத்துக்கு ஆள் வேண்டாம்.

— மதியத்து ஆள்னா... நீங்கதானே?

— நான்தான்.

— கம்பெனி ஒட்டின நோட்டீஸ்ல அந்த வரி இல்லையே!

— அந்த வரி என் சட்டைப்பையில இருக்கு.

— அது என்ன காகிதம்? காட்டுங்க. ...வேற ஊர் கிளையா? சூப்பர்வைசரா? இது எப்ப வந்தது?

— போன வாரம்.

— போன வாரமா! ஒரு வாரமா இதைப் பையில வச்சுக்கிட்டு, என் எதிர்ல உக்காந்து, தடிக்காரனுக்கு எத்தனை பேர், குதிரைக்கு எத்தனை பேர்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தீங்களா?

— எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.

— வாயால சொல்றது. ‘மேடம், நான் ஊரை விட்டுப் போறேன்’னு.

— போறேன்னு இன்னும் சொல்லலையே. போகலைன்னா இங்கேயே லாரி ஏத்தி இறக்கற வேலை தர்றாங்களாம்.

— மைனஸ் பதினெட்டுல பட்டாணி மூட்டை தூக்கவா? உங்க முதுகுக்கா? நாலு ஃபைலைத் தூக்கினாலே மூணு நாள் கோணலா நடப்பீங்க!

— அதான் யோசனை.

— இதுல யோசிக்க என்ன இருக்கு? சூப்பர்வைசர் நாற்காலி தேடி வந்திருக்கு. சந்தோஷமா... போயிட்டு வாங்க. நல்ல விஷயம்தான். ரொம்ப நல்ல விஷயம்.

— சந்தோஷத்துலயா நோட்டை இப்படிக் கசக்கறீங்க?

— என் நோட்டு, கசக்குவேன். எத்தனை மணிக்குள்ள பதில் சொல்லணும்?

— ரெண்டேகாலுக்குள்ள.

— இன்னும் கால் மணி நேரம்கூட இல்லை. என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?

— சிரிக்கக் கூடாது.

— எனக்கு இப்ப சிரிப்பே வராது, சொல்லுங்க.

— ஒரு வாரமா மண்டையைக் குடைஞ்சும் முடிவு வரலை. அதனால மனசுல ஒண்ணு நினைச்சுக்கிட்டேன். இன்னிக்கு ரெண்டேகாலுக்குள்ள நமக்கு இரும்பு கிடைச்சா கிளம்பிப் போறது. கிடைக்கலைன்னா இங்கேயே இருக்கறது.

— ...என்னது?

— சிலபேர் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாப்பாங்க இல்ல? அந்த மாதிரி.

— உங்களுக்கு மூளை உறைஞ்சு போச்சா? வாழ்க்கையில ஒரே தடவை வர்ற வேலை! அதைக் கொண்டுபோய் ஒரு பொம்மை ராஜ்யத்து இரும்பு மேல கட்டுவீங்களா?

— கட்டிட்டேன். ரெண்டு மாசமா கிடைக்காத இரும்பு பதினைஞ்சு நிமிஷத்துலயா வரப்போகுது? கிடைக்காதுன்னுதான் தோணுது. மூட்டை தூக்கிப் பழகிக்கறேன்.

— அய்யோ...

— என்ன மேடம்?

— ஒண்ணுமில்லை. தண்ணி குடுங்க.

— இந்தாங்க.

— அந்த முடிவை மாத்திக்கோங்க. வேற எது மேலயாவது நினைச்சுக்கோங்க. அந்த மெக்கானிக் இன்னிக்கு வருவாரா மாட்டாரான்னு வச்சுக்கோங்க.

— நினைச்சது நினைச்சதுதான். நடுவுல மாத்தினா அதுக்கு என்ன மதிப்பு?

— என் வாயைப் பிடுங்காதீங்க.

— நான் ஒண்ணுமே கேக்கலையே.

— கேக்காமதான் பிடுங்கறீங்க! ...மணி என்ன?

— ரெண்டு அஞ்சு.

— அந்த... அந்த வேவுக்காரனை நகர்த்துங்க.

— அவன் தூங்கறான்னீங்களே?

— நகர்த்துங்கன்னா நகர்த்துங்க!

— ஆளுங்க உங்க பொறுப்பு. நான் எப்படித் தொடறது?

— சரி, நானே நகர்த்தறேன். இந்தா, எழுந்திரு தாத்தா... ஒரு கட்டம் தள்ளி நில்லு. ...பாருங்க. கண்ணைத் திறந்து பாருங்க. மலை மேல பளபளன்னு கிடக்குதே, என்ன அது?

— இரும்பு.

— இரும்பேதான். ஆறு மூட்டை. வித்தையைப் படிச்சாத்தான் இரும்பு கண்ணுக்குத் தெரியும் இல்ல? படிச்சு முடிச்ச மறுநாள் காலையில வந்து ஸ்கிரீனைத் திறந்தேன். கண்ணுல பளிச்சுன்னு அடிச்சுது. நீங்க வர்றதுக்குள்ள கிழவனை அது மேல ஏத்திப் படுக்க வச்சுட்டேன். ரெண்டு மாசமா உங்க கண்ணுல மண்ணைத் தூவினேன். சிங்கம் கிங்கம் எல்லாம் பொய். மலைப்பக்கம் ஊரைக் கட்டாம கடலோரத்துல கட்டினதும் அதுக்குத்தான். திட்டறதுன்னா திட்டுங்க.

— எதுக்கு மேடம்?

— எதுக்கா? இந்த உலகத்துல இருக்கறது நாமும் மீசைக்காரனும்தான். இரும்பு கிடைச்சா வாள் செய்வீங்க. வாள் செஞ்சா பத்து நாள்ல அவனை அடிச்சு முடிச்சிடுவீங்க. ஆட்டம் தீந்துடும். அப்புறம் ரெண்டு மணிக்கு நீங்க வந்தா நான் என்ன பேசறது? மூணாம் ரூம் கதவு ரப்பரைப் பத்தியா? ‘மைனஸ் பதினெட்டு, கையெழுத்துப் போடுங்க, வரேன்’... ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். இது இருந்ததாலதான் அரைமணி, முக்கால்மணின்னு வீட்டுக்குப் போகாம உக்காந்திருந்தேன். அந்த அரைமணிக்காகத்தான் காலையில ஆறு மணிக்குப் பல்லு நடுங்க நடுங்க வர்றேன். போதுமா? சொல்லிட்டேன். எனக்கு நீங்க போறது பிடிக்கலை. ஆனா நான் ஒளிச்சு வச்ச இரும்பால உங்க வேலை கெட்டுப்போச்சுன்னா சோறு இறங்காது எனக்கு. இரும்பு கிடைச்சாச்சு. கிளம்புங்க. என்ன, கோபமா?

— இல்லை.

— கோபப்படுங்க! ஒரு அதிர்ச்சியாவது காட்டுங்க. ரெண்டு மாசமா மலை மலையா ஏறித் தேடின ஆளு, இப்படி ரேஷன் கார்டைப் பாக்கற மாதிரியா இரும்பைப் பாப்பாங்க?

— ஃபோன் அடிக்குது மேடம்.

— அடிக்கட்டும்.

— சூப்பர்வைசரா இருக்கும்.

— மணி ரெண்டேகால் ஆகலையே, அதுக்குள்ள என்ன அவசரம் அவருக்கு! குடுங்க, நான் பேசறேன். ...ஹலோ, பதிவு ரூம். சொல்லுங்க சார். ...இருக்கார் சார், எதிர்லதான் இருக்கார். ...ஆங்? எந்த லெட்டர் சார்? ...எப்ப குடுத்தார்? ...காலையில எட்டு மணிக்கா? ...வேண்டாம்னா எழுதிக் குடுத்தார்? ...லோடிங்ல... காலை ஷிப்டா? ஆறு மணியா? ...சரி சார். ...சொல்லிடறேன் சார். ...இல்ல சார், அழலை சார், ஜலதோஷம். ...வச்சிடறேன்.

— என்னவாம்?

— உங்க கோட்டு அளவு என்னன்னு கேட்டார். லோடிங்ல உள்ளவங்களுக்குப் பெரிய கோட்டு தருவாங்களாம்.

— எக்ஸ்ட்ரா லார்ஜ் சொல்லியிருக்கலாம். உள்ள ஒரு ஸ்வெட்டர் போடணும்.

— விளையாடாதீங்க. காலையில எட்டு மணிக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி வந்து உக்காந்து, ரெண்டேகாலுக்குள்ள முடிவு சொல்லணும்னு என் உயிரை வாங்கினீங்களா?

— நீங்க சொல்வீங்களா மாட்டீங்களான்னு தெரியணும் இல்ல? நாலு மணிக்குக் கம்ப்யூட்டரே போயிடும். அப்புறம் யாரைக் கேக்கறது?

— முதுகு போயிடும்யா உங்களுக்கு!

— தைலம் தேய்ச்சுக்கலாம். திங்கக்கிழமையில இருந்து ஆறு மணிக்கு நானும் வருவேன். எட்டு மணி நேரம். கதவு ரப்பரைப் பத்தி நல்லா விலாவாரியா பேசலாம்.

— பேச்சை மாத்தாதீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியலை. இரும்பு கிடைச்சா போயிடறதுன்னு நினைச்சுக்கிட்டேன்னீங்க. நான் நகர்த்தறேனா இல்லையான்னு பாக்கறதுக்கு முன்னாடியே, காலையிலேயே எப்படி வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்க? அந்த மலையில இரும்பு இருந்துட்டா?

— அது கிடைச்சு ஒன்றரை மாசமாச்சுங்க. நீங்க பல்லு பிடுங்கப் போன அன்னிக்கு உங்க ஷிப்டையும் நான்தானே பாத்தேன், அப்ப அந்தக் கிழவனை ஒரு கட்டம் தள்ளிப் பாத்தேன். பாத்துட்டு, யாரும் வர்றதுக்குள்ள நானேதான் அவனை மறுபடியும் அங்கேயே படுக்க வச்சேன்... எந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருந்தான்கிறதுதான் மறந்து போச்சு.